வெளிச்சம் கேட்காத செடிகள்

ஹார்லிங்கன்
11 அக்டோபர் 1976

ஃபென்னா அண்ணிக்கு,

உறையின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்த பிறகும் அடுப்பில் போடாமல் பிரித்திருக்கிறீர்கள் என்றால் அதற்கே நன்றி. ஏழு வருஷம் ஆயிற்று. உங்கள் தம்பி யெல்லேயிடம் உங்கள் பெயரைச் சொன்னால் இன்னும் ஆகாது. ஆனால் எல்லார் வீட்டிலும்போலக் கழிப்பறைச் சுவரில் தொங்குகிற பிறந்தநாள் அட்டவணையில் மார்ச் பதினெட்டில் உங்கள் பெயர் அப்படியே இருக்கிறது. அவர் அடிக்கவில்லை. நானும் அடிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் கால்வாய் உறைந்தபோது யெல்லே சறுக்கப் போய், மல்லாக்க விழுந்து பின்மண்டையில் அடிபட்டுக்கொண்டார். எலும்பு உடையவில்லை. ஆனால் அன்றிலிருந்து வெளிச்சம் பட்டால் தலை பிளக்கிறது, வாந்தி வருகிறது, படி ஏறினால் சுற்றுகிறது. துறைமுகத்து கிரேன் வேலை போயிற்று. முன்னறைச் சோபாதான் இப்போது அவருக்கு ஊர், உலகம் எல்லாம். பகலிலும் திரைச்சீலையை மூடி வைத்திருக்கிறேன். பகலில் யாருமே திரை மூடாத நம் தெருவில், மூடிய வீட்டைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். டெலிபோன் மணி அவருக்கு ஆகாது என்பதால் அதையும் துண்டித்தாயிற்று.

மீன் தொட்டி நினைவிருக்கும். முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே சுவரை வெட்டிப் பதித்தது. அவர் பக்கம் அதன் முகம், என் பக்கம் முதுகு. நாலு டியூப் லைட் எரிந்த இடத்தில் இப்போது ஒன்று, அதற்கும் காகிதம் சுற்றியிருக்கிறது. பின்வரிசையில் அவர் உயிராக வளர்த்த சிவப்புச் செடிகள் ஆறே வாரத்தில் அழுகிவிட்டன. பின்னால் இப்போது வெறும் கண்ணாடி. நான் பின்னறையில் விளக்குப் போட்டால் தொட்டி வழியாக நேரே அவர் கண்ணில் அடிக்கிறது. "ரென்ஸ்கே, விளக்கு!" என்கிறார். அணைத்துவிடுகிறேன். நாலரைக்கே இருட்டிவிடும் மாதங்கள் வருகின்றன, அண்ணி.

குறைந்த வெளிச்சத்தில் உயரமாக, அடர்த்தியாக வளருகிற பின்னணிச் செடி எது? கடைக்காரரைக் கேட்டால் எல்லாமே வளரும் என்கிறார். நீங்கள் மீன் வளர்ப்போர் சங்கத்து நடுவராக இருபது வருஷமாக வீடு வீடாகப் போய்த் தொட்டிகளுக்கு மதிப்பெண் போடுகிறவர். அதனால்தான் கேட்கிறேன்.

பதில் எழுதினால் பக்கத்து வீட்டுத் திருமதி பொப்மாவின் பெயருக்கு எழுதுங்கள். உங்கள் தம்பியால் வாசிக்க முடியாதே தவிர, உங்கள் கையெழுத்தை இருட்டிலும் கண்டுபிடித்துவிடுவார்.

ரென்ஸ்கே


வென்லோ
16 அக்டோபர் 1976

ரென்ஸ்கேவுக்கு,

அடுப்பில் போடவில்லை. இங்கே காஸ் அடுப்பு. போட்டிருந்தால் வீடே போயிருக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு செடிக்கு வருகிறேன். அந்த வருஷம் நடுவராக உங்கள் வீட்டுக்கு வந்து, என் தம்பியின் பின்னணிக்குப் பத்துக்கு ஆறு போட்டேன். இன்று வந்தாலும் ஆறுதான் போடுவேன். பின்னணி என்றால் பின்னால் நிற்க வேண்டும். அவன் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை சிவப்பைச் சுவர் மாதிரி எழுப்பி வைத்திருந்தான். ஆழமே இல்லை. "சொந்த அக்காவே இப்படிப் பண்ணினா!" என்று சங்கக் கூட்டத்தில் கத்தினான். சொந்த அக்கா என்பதால்தான் ஆறு. அந்நியன் என்றால் ஐந்தரை போட்டிருப்பேன்.

இனிச் செடி. சிவப்பை மற. சிவப்பு என்றாலே வெளிச்சப் பசி. நாடாச் செடியை வைக்கச் சொல்வார்கள், நம்பாதே. அரையிருட்டில் அது நூலாக இளைத்துவிடும். உனக்கு இரண்டே இரண்டுதான். ஒன்று ஜாவா பெரணி. மற்றது கிரிப்டோ, அதிலும் நெட்டை வகை. இரண்டும் காட்டோடையில் மர நிழலில் பிறந்தவை. வெளிச்சம் கேட்டு அழாது. ஆனால் மெதுவாகத்தான் வளரும். உனக்குப் பொறுமை உண்டா என்று எனக்குத் தெரியாது. என் தம்பியோடு பதினெட்டு வருஷம் இருந்திருக்கிறாய், உண்டு என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. வெளிச்சம் வராமல் இருக்கத்தான் என்றால் பின்கண்ணாடிக்குக் கறுப்பு அட்டை ஒன்று ஒட்டினால் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. எதற்குச் செடி?

ஃபென்னா


ஹார்லிங்கன்
25 அக்டோபர் 1976

அண்ணிக்கு,

அட்டை ஒட்டிப் பார்த்தேன். ஏப்ரலிலேயே. ஒரு நாள்கூட நிற்கவில்லை.

"என்ன இது, பெட்டிக்கு மூடி போட்டாப்ல? எடு அதை!" என்றார். துணி கட்டிப் பார்த்தேன். "பின்னணின்னா செடி. அட்டை ஒட்டுறவன் மீன் வளக்க வேண்டாம், சுவத்துல மீன் படத்தை மாட்டிக்கட்டும்" என்றார். இதையே சங்கத்தில் இருபது வருஷமாகச் சொல்லி வந்தவர். எத்தனை பேர் வீட்டு அட்டையைக் கிழிக்க வைத்தவர் என்று உங்களுக்கே தெரியும். அதனால், அண்ணி, அவர் மறுக்க முடியாத மறைப்பு செடி ஒன்றுதான்.

மாடியில் போய் உட்காரலாமே என்பீர்கள். மாடியில் கணப்பு இல்லை. தவிர, நான் கண்ணில் படவில்லை என்றால் கூப்பிடுகிறார். இறங்கி வந்தால், "ஒண்ணுமில்ல, இருக்கியான்னு பார்த்தேன்" என்கிறார். ஏணி மாதிரிச் செங்குத்தான அந்தப் படியில் ஒரு நாள் பதினோரு முறை ஏறி இறங்கினேன்.

நீங்கள் கேட்காமலே சொல்கிறேன். அவர் விழுந்து எட்டு மாதம் ஆகிறது. உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. ஆறு போட்டவர் ஆறோடு நின்றுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மனதில் வைத்துக்கொண்டு உங்களிடமே உதவி கேட்பது சரியில்லை. அதனால் எழுதிவிட்டேன்.

தொட்டி நூற்றிருபது சென்டிமீட்டர் நீளம், ஐம்பது உயரம். மழைநீர் கலந்துதான் ஊற்றுகிறேன்.

ரென்ஸ்கே


வென்லோ
2 நவம்பர் 1976

ரென்ஸ்கே,

ஒரு வரி வரவில்லையா? மே மாதம் எனக்குச் செய்தி தெரிந்த அன்றே அட்டை எழுதினேன். பிரிக்காத உறை பத்தாம் நாள் எனக்கே திரும்பி வந்தது. "அனுப்பியவருக்கே" என்று யாரோ அழகாக எழுதியிருந்தார்கள். தலை பிளக்கிறவன் எழுத்து மாதிரி இல்லை. அந்த உறை இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. நானும் மனதில் வைத்துக்கொள்ளாமல் சொல்லிவிட்டேன்.

நான் வேலை செய்யும் நீர்ச்செடிப் பண்ணையிலிருந்து பொப்மா வீட்டுக்கு ஒரு பெட்டி வருகிறது. நாற்பது கிரிப்டோ, பன்னிரண்டு பெரணி. கிரிப்டோவை மணலில் நடு. பெரணியை மணலில் புதைக்காதே. அதன் தடித்த பழுப்புத் தண்டு வெளியே காற்றாட, அதாவது நீராட, இருக்க வேண்டும். கார்க் துண்டிலோ மரவேரிலோ நூலால் கட்டு. புதைத்தால் செத்தது.

அவன் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கடை என்று சொல்.

ஃபென்னா


ஹார்லிங்கன்
20 நவம்பர் 1976

அண்ணி,

எல்லாம் போயிற்று.

நட்ட நாலாம் நாள் கிரிப்டோ இலைகள் கண்ணாடி மாதிரி ஆயின. ஏழாம் நாள் குழைந்த கீரை. குழாயால் உறிஞ்சி எடுத்தேன், வாளி நிறைய. நாற்பதில் ஒன்றுக்குக்கூட இலை இல்லை. பெரணியின் தண்டும் கறுத்துக்கொண்டு வருகிறது. நீங்கள் சொல்லியும், நூலில் கட்டியது ஆடுகிறதே என்று பாதியை மணலில் அழுத்தி வைத்துவிட்டேன். என் தப்புதான்.

யெல்லே சிரித்தார். ஒன்பது மாதத்தில் முதல் சிரிப்பு. "எந்தக் கடைக்காரன் உன் தலையில கட்டினான் இதை? கீரைக்கட்டு வாங்கிட்டு வந்திருக்கே!" அந்தச் சிரிப்பைக் கேட்க எவ்வளவு நாள் ஏங்கியிருப்பேன். கேட்டபோது அடுக்களைக்குப் போய் அழுதேன். வரும் வாரம் எல்லா வேரையும் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடப் போகிறேன்.

போடுவதற்கு முன்னால் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். செவ்வாயும் வியாழனும் காலையில் பல் டாக்டரிடம் என்று அவரிடம் சொல்லிவிட்டு நான் போவது பல் டாக்டரிடம் இல்லை. பெண்களுக்கென்று பள்ளிப் படிப்பு தொடங்கியிருக்கிறார்கள் அல்லவா, பிள்ளை வளர்த்து முடித்தவர்கள் எல்லாம் போகிறார்களே, அதற்குப் போகிறேன். பிள்ளை இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். டச்சு, ஆங்கிலம், இரண்டு பாடம். மே மாதம் லீவார்டனில் பரீட்சை. பதினாலு வயதில் அப்பா என்னை மீன் பதப்படுத்தும் ஆலைக்கு அனுப்பினபோது நின்ற படிப்பு. நாற்பத்துமூன்றில் தொடங்கியிருக்கிறேன். வீட்டுப்பாடம் எழுத எனக்கு ஒரு விளக்கு வேண்டும். கண்கொத்திப் பாம்பாக ஒருவர் பார்த்துக்கொண்டிராத ஒரு மேஜை வேண்டும். நாற்காலியைக் கொஞ்சம் திருப்பினாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன எழுதறே?" என்று குரல் வருகிறது. மளிகைச் சீட்டு என்கிறேன். எத்தனை மளிகைச் சீட்டு எழுத முடியும் ஒரு வீட்டில்?

அவரிடம் சொல்லலாமே என்பீர்கள். சொல்ல வாயெடுத்த இரண்டு முறையும் அவருக்குத் தலைவலி வந்துவிட்டது.

ரென்ஸ்கே


வென்லோ
22 நவம்பர் 1976, அவசரம்

ரென்ஸ்கே,

பிடுங்காதே. பிடுங்கியிருந்தால் குப்பையில் கையை விட்டாவது எடுத்து மறுபடி நடு.

தண்ணீர் மாறினால் கிரிப்டோ அப்படித்தான் இலையை உதிர்க்கும். எழுதாதது என் தப்பு. இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் தோன்றவில்லை. மணலுக்குக் கீழே வேர் கெட்டியாக இருக்கிறதா என்று ஒன்றை மட்டும் விரலால் தொட்டுப் பார். கெட்டி என்றால் உயிர் இருக்கிறது. ஆறு வாரம் ஒன்றும் செய்யாமல் இரு. பெரணியின் கறுத்த பாகத்தைக் கத்தரித்துவிட்டு மீதியைக் கட்டு. ஆடினால் ஆடட்டும்.

மற்றதற்கு வருகிறேன். நீ என்னிடம் செடி கேட்கவில்லை, சுவர் கேட்டிருக்கிறாய். முதல் கடிதத்திலேயே சொல்லியிருந்தால் பெரிய பெட்டியாக அனுப்பியிருப்பேன்.

ஒரு கேள்வி. கோபப்படாமல் யோசி. அவனுக்கு வலி தருவது உன் விளக்கா, அல்லது விளக்கில் உட்கார்ந்து நீ செய்கிற காரியமா?

ஃபென்னா

பின்குறிப்பு: டிசம்பரில் சிண்டர்கிளாஸ் பண்டிகைக்கு, உன் பெயரின் முதலெழுத்து R வடிவில் சாக்லேட் ஒன்று பொப்மா வீட்டுக்கு வரும். ஒளித்து வைத்துத் தின்னு.


ஹார்லிங்கன்
9 ஜனவரி 1977

அண்ணி,

உங்கள் கேள்விக்குப் பதில் எழுத ஏழு வாரம் ஆயிற்று. முதல் நாலு வாரம் கோபத்தில் எழுதவில்லை. அவருக்கு வலி இல்லை என்கிறீர்களா? வாந்தியைத் துடைக்கிறவள் நான். நாத்தனார் புத்தி எங்கே போகும் என்று பொப்மாவிடம் வாய்விட்டே சொன்னேன். சாக்லேட்டை மட்டும் தின்றுவிட்டேன்.

பிறகு சோதித்துப் பார்த்தேன். ஒரு சாயங்காலம் பச்சை மூடி போட்ட சின்ன விளக்கை ஏற்றி, அவர் பார்க்கும்படி நேர் எதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் காலுறை தைத்தேன். கூப்பிடவில்லை. மறுநாள் அதே விளக்கு, அதே நாற்காலி, கையில் புத்தகம். பத்தாவது நிமிஷம் "ரென்ஸ்கே, விளக்கு!" மூன்றாம் நாள் விளக்கே போடாமல், அவர் கண்ணில் படாமல் அடுக்களை இருட்டில் நின்றேன். "ரென்ஸ்கே, தலை!" என்றார்.

பெரிய வெளிச்சம் அவருக்கு வலிதான், அது பொய்யில்லை. என் விளக்கு வலி இல்லை. இது தெரிந்த பிறகு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே இருந்திருக்கலாம். விட்டுவிட்டுப் போகவும் மனதில்லை, இருக்கவும் மூச்சு முட்டுகிறது. இருதலைக் கொள்ளி எறும்பு என்று புத்தகத்தில் படித்தால் எளிதாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. மே மாதம் உங்கள் அட்டையைத் திருப்பி அனுப்பியது நான். அவர் சொல்லித்தான் செய்தேன், ஆனால் "அனுப்பியவருக்கே" என்று அழகாக எழுதச் சொன்னது அவரில்லை. மன்னியுங்கள்.

வேர்களை நான் பிடுங்கவில்லை. உங்கள் கடிதம் வந்த காலை கை மணலில் இருந்தது. பொப்மா அடுக்களைக் கதவைத் தட்டினாள். இப்போது நாற்பதில் முப்பத்தொன்று துளிர்த்திருக்கின்றன. விரல் நீளம்தான். மே மாதத்துக்குள் சுவராகுமா?

ரென்ஸ்கே


வென்லோ
17 ஜனவரி 1977

ரென்ஸ்கே,

ஆகாது. கிரிப்டோ முழு உயரம் வர அடுத்த வருஷமாகும்.

ஆகவே என் தொட்டியின் பின்னணியைக் கழற்றிவிட்டேன். மூன்று கார்க் பலகைகள், ஆறு வருஷத்துப் பெரணி, முழங்கை உயரம், உள்ளே விரல் நுழையாது. ரயிலில் வருகிறது. ஈரச் செய்தித்தாள், அதன்மேல் என் பழைய கம்பளிச் சட்டை, அதன்மேல் சாக்கு. குளிரில் உறையாமல் வந்தால் உன் அதிர்ஷ்டம். கார்க் தெரியாதபடி கிரிப்டோவை முன்னால் வைத்துக்கொள். கார்க்கில் வளர்ந்த பெரணி அட்டை இல்லை, செடிதான். அவனே சங்கத்தில் அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறான், குறிப்பேட்டில் இருக்கிறது.

என் தொட்டி இப்போது வெறிச்சென்று இருக்கிறது. மீனெல்லாம் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு என்னை முறைக்கின்றன. பரவாயில்லை.

திரும்பி வந்த அட்டை விஷயம் கையெழுத்தைப் பார்த்த அன்றே தெரியும். உன் வாயால் வரட்டும் என்று இருந்தேன். வந்துவிட்டது, விடு.

ஃபென்னா


ஹார்லிங்கன்
3 மார்ச் 1977

அண்ணி,

சுவர் நிற்கிறது. ஐந்து வாரமாக நிற்கிறது. என் பக்கமிருந்து பார்த்தால் கார்க்கும் வேரும்தான். அவர் பக்கம் கரும்பச்சைக் காடு. சாயங்காலம் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு ஆங்கில வினைச்சொற்களைச் சத்தமில்லாமல் ஒப்பிக்கிறேன். முதல் நாள், யாரும் பார்க்கவில்லை என்பதாலேயே, சும்மா எழுந்து நின்று கையை இரண்டு பக்கமும் நீட்டினேன். நான் இப்படி எழுதுவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

அவர் இத்தனை நாள் ஒன்றும் சொல்லவில்லை. கூப்பிடுவது மட்டும் கூடியது. நேற்று சொன்னார்.

"அடர்த்தி கூடிப்போச்சு. நடுவுல கழிச்சு விடணும்."

"நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கா? ஒரே சுவரா நிக்குது. ஆழம் வேணாமா? நடுவுல ஒரு இருட்டுச் சந்து விட்டாத்தான் பின்னணி பின்னால போகும். நடுவர் வந்தா ஆறுதான் போடுவாங்க."

ஆறு என்றார், அண்ணி. ஏழு வருஷம் கழித்து உங்கள் ஆறு அவர் வாயில் வந்திருக்கிறது. அடுத்த வார ஞாயிற்றுக்கிழமைக்குள் கழிக்கச் சொல்கிறார். நடு என்றால் நேர் என் நாற்காலி. இத்தனைக்கும் சொல்வது முறைப்படி சரிதானே? எனக்குத் தப்பு சொல்லத் தெரியவில்லை. பரீட்சைக்கு இன்னும் பத்து வாரம். என்ன செய்ய?

ரென்ஸ்கே


வென்லோ
5 மார்ச் 1977

ரென்ஸ்கே,

என் ஊசியை எடுத்து என் கண்ணையே குத்துகிறான். நான் இவ்வளவு சிரித்தும் இவ்வளவு எரிச்சல் பட்டும் வெகுநாள் ஆயிற்று.

அவன் சொல்வது சரி. என் தீர்ப்பு அது. உனக்காக அதை மாற்றினால் அன்று அவனுக்குப் போட்ட ஆறும் பொய்யாகிவிடும். கழி.

ஆனால் சந்து நடுவில்தான் விட வேண்டும் என்று எந்த நடுவரும் சொன்னதில்லை. நடுவில் விட்டால் இன்னும் அரை மதிப்பெண் போகும். மூன்றில் ஒரு பங்கில் விடு, இடது பக்கம். இரண்டாவது பலகையை ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும், பெரணியில் கத்தரி வைக்க வேண்டாம். நாற்காலியை வலது மூலைக்கு மாற்றிக்கொள். கழிப்பது முறை. எங்கே கழிப்பது என்பது கத்தரி பிடித்தவள் பாடு.

பரீட்சை அன்று அவனோடு யார் இருப்பது?

ஃபென்னா


ஹார்லிங்கன்
21 ஏப்ரல் 1977

அண்ணி,

இடது பக்கம் சந்து விட்டேன். "ம்" என்றார். அவ்வளவுதான்.

இப்போது கூப்பிடுவதே இல்லை. தலையணையை மாற்றிப் போட்டுக்கொண்டு அந்தச் சந்து வழியாகப் பார்த்தபடி படுத்திருக்கிறார். அங்கே அடுக்களைக் கதவும் மாட்டியிருக்கும் என் மேலங்கியும் தவிர ஒன்றும் தெரியாது. மணிக்கணக்கில் பார்க்கிறார். கூப்பிட்டபோது எரிச்சல் பட்டேன். கூப்பிடாதபோது புத்தகத்தில் மனம் ஓடவில்லை. நாலு வரி படிக்கிறேன், எழுந்து போய்க் கார்க் விளிம்பில் கண்ணை வைத்து அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்க்கிறேன். சுவர் எழுப்பிக்கொண்டு நானே ஓட்டை தேடுகிறேன். எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

பரீட்சை மே பதினொன்று, புதன்கிழமை. காலை எட்டுக்குள் வீட்டைவிட்டுக் கிளம்பினால் திரும்ப மாலை நாலரை ஆகிவிடும். பொப்மாவுக்கு அன்று பேரன் ஞானஸ்நானம். போகாமல் இருந்துவிடலாம் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். போகாவிட்டால் இனி ஒருநாளும் போகமாட்டேன் என்றும் தெரிகிறது.

ரென்ஸ்கே


வென்லோ
25 ஏப்ரல் 1977

போ. யெல்லே இன்னும் சங்க உறுப்பினன்தான். வீடு வீடாக மதிப்பெண் போடும் சுற்றில் அவன் தொட்டியை எனக்கு ஒதுக்கச் சொல்லி எழுதிவிட்டேன். மே பதினொன்று, காலை ஏழே முக்கால். வழக்கமாக நடுவருக்கு முக்கால் மணி நேரம் போதும். நான் நிதானமானவள்.

ஃபென்னா


ஸ்வோல்ல ரயில் நிலையம்
11 மே 1977

ரென்ஸ்கே,

நீ வந்த கையோடு நான் ரயிலுக்கு ஓட வேண்டியதாயிற்று. அவன் எதிரில் சொல்லவும் முடியாது. அடுத்த வண்டிக்கு நாற்பது நிமிஷம் இருக்கிறது. பேனா ஒழுகுகிறது, பொறுத்துக்கொள்.

நீ போனதும் கதவைத் திறந்துகொண்டு நுழைந்தேன். இருட்டில் கண் பழகவே ஐந்து நிமிஷம் ஆயிற்று. சோபாவிலிருந்து, "நடுவர்னா உக்காரலாம். அக்கான்னா வந்த வழியே போகலாம்" என்றான். "நடுவர்தான்" என்று தாளை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் இரண்டு பேரும் மீனைப் பார்த்தோம். அவன் எலும்பும் தோலுமாக இருக்கிறான், நீ எழுதவே இல்லையே.

பத்து மணிக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். பன்னிரண்டுக்கு, "அக்கா, சூப் சுட வெக்கத் தெரியுமா, இல்ல மார்க் போட மட்டுந்தானா?" என்றான். பட்டாணி சூப் குடித்தான். பிறகு அவனாகவே தொடங்கினான்.

"பரீட்சைக்குத்தானே போயிருக்கா?"

"யார் சொன்னா உனக்கு?"

"வாரத்துல ரெண்டு நாள் பல் டாக்டர். வாயில ஒரு பல்லு மிஞ்சியிருக்கக் கூடாது. நேத்து ஆப்பிளைக் கடக்கு மொடக்குன்னு கடிச்சுத் தின்னுட்டிருக்கா."

"தெரிஞ்சுகிட்டே ஏண்டா தலைவலி, தலைவலின்னு கூப்பிட்டே?"

கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்றே நினைத்தேன்.

"பாஸ் பண்ணிட்டா, அப்புறம் இங்க எதுக்கு இருக்கப் போறா, ஃபென்னா? என்னால தெருமுக்கு வரைக்கும் நடக்க முடியல. அவ படிக்கிறப்ப உதடு அசையும். கண்ணாடி வழியா பார்த்துட்டே இருப்பேன். நல்லாத்தான் இருக்கும். அப்புறம் பயமா இருக்கும். கூப்பிட்டுருவேன்."

ரென்ஸ்கே, இருபது வருஷம் வீடு வீடாகப் போயிருக்கிறேன். இதற்கு என் தாளில் கட்டம் இல்லை. நீ அவனை மன்னிக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அவன் செய்தது அநியாயம்தான், அவனிடமும் அதைச் சொன்னேன். ஆனால் அவன் சொன்னதை உனக்குச் சொல்லாமல் ரயில் ஏறினால் நான் செய்ததும் அநியாயம்தான்.

கிளம்பும்போது, "பின்னணிக்கு எவ்ளோ?" என்று கேட்டான்.

"எட்டரை."

"ஒண்ணரை எதுக்குக் கொறைச்சே?"

"தலைவலிக்கு" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா, அந்த இருட்டில் எனக்குத் தெரியவில்லை.

வண்டி வருகிறது.

ஃபென்னா


ஹார்லிங்கன்
26 ஜூன் 1977

அன்புள்ள அண்ணி,

இரண்டு பாடத்திலும் தேறிவிட்டேன். ஆங்கிலத்தில் ஏழு. டச்சில் உங்கள் எட்டரை.

உங்கள் ஸ்வோல்லக் கடிதத்தைப் பொப்மாவின் அடுக்களையில் நின்றபடி படித்தேன். முதலில் அழுகை. பிறகு கோபம், ஒரு வாரம். பயந்தவர் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். பதினைந்து மாதம் என்னை இருட்டில் உட்கார வைத்திருக்க வேண்டாம். இதை அவரிடம் இதே வார்த்தையில் சொன்னேன். "ஆமா" என்றார். தலைவலி என்று சொல்லவில்லை.

செப்டம்பரிலிருந்து லீவார்டனில் பகல் வகுப்பு, வாரம் மூன்று நாள். இன்னும் மூன்று பாடம். போகிறேன் என்று சொன்னேன், போகட்டுமா என்று கேட்கவில்லை. "வந்துருவேல்ல?" என்றார். சாயங்காலம் ஐந்தே கால் வண்டி என்றேன். அதற்குப் பிறகு என்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கே இன்னும் தெரியாது. சில நாள் அந்த ஐந்தே கால் வண்டியில் ஏறாமல் இருந்தால் என்ன என்று தோன்றுகிறது, அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

நாற்காலியைப் போன ஞாயிற்றுக்கிழமை நானாகத்தான் இடது பக்கம் மாற்றினேன், சந்துக்கு நேராக. மேஜையையும் விளக்கையும் இழுத்துக்கொண்டு போனேன். அவர் சொல்லவில்லை. வலது மூலையில் சுவர் அப்படியே இருக்கிறது, வேண்டியபோது அங்கே போய்க்கொள்வேன். உங்கள் பெரணி புதுக் குட்டி விட்டிருக்கிறது. இலை நுனியில் விரல்நகம் அளவு. பெரிதானதும் கார்க்கில் கட்டி உங்களுக்கு அனுப்புகிறேன், உங்கள் மீன்கள் முறைக்காமல் இருக்கட்டும்.

இனிமேல் பொப்மாவின் விலாசம் வேண்டாம். எங்கள் வீட்டுக்கே எழுதுங்கள், பெரிய எழுத்தில்.

இதை விளக்கில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மூன்றாவது வரியில் இருந்தபோது அந்தப் பக்கமிருந்து, "ரென்ஸ்கே!" என்றார். தலையைத் தூக்காமல், "இந்தப் பக்கம் முடியட்டும்" என்றேன்.

காத்திருக்கிறார்.

ரென்ஸ்கே